வெல்டிங் மெஷின் ஆப்பரேட்டர் வேலையை ரோபோ எடுத்துக்கொள்ளுமா? பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறை, புக்கிட் மின்யாக், சிம்பாங் அம்பாட், பத்து காவான் பக்கம் இரும்புத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்களும், பிள்ளையை இந்தத் தொழிலுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கை வெல்டிங்கில் தொடங்கி இப்போது ரோபோ செட்டிங் பார்க்கிறவன் நான். பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வேலை போய்விடுமா?

பொருளை ஜிக்கில் (பொருளை ஒரே இடத்தில் உட்கார வைக்கும் சட்டம்) வைப்பது, கிளாம்ப் போடுவது, பச்சைப் பொத்தானை அமுக்குவது, முடிந்ததும் எடுத்து அடுக்குவது. இவ்வளவுதான் உங்கள் வேலை என்றால், போகும். எப்போது போகும் என்பது முதலாளியின் கணக்கைப் பொறுத்தது.

மெஷினைச் செட் பண்ணுவது, வெல்டிங் கெட்டால் காரணத்தைப் பிடிப்பது, புதுப் பொருள் வந்தால் புரோகிராம் போடுவது உங்கள் கையில் இருந்தால் கதை வேறு. ரோபோ வர வர உங்களைத்தான் தேடுவார்கள். இரண்டு பேருக்கும் சம்பளச் சீட்டில் 'ஆப்பரேட்டர்' என்றே போட்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

வெல்டிங் வேலையை மெஷின் எடுத்துக்கொள்ள 61 சதவீதம், 94 சதவீதம் வாய்ப்பு என்றெல்லாம் இணையத்தில் போடுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

2013இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து. அமெரிக்காவின் 702 வேலைகளை எடுத்து, ஒவ்வொன்றும் கணினிமயமாக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கணித்தார்கள். அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் அதிக ஆபத்தில் இருக்கிறது என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அதே பட்டியலில் கை வெல்டருக்கு 0.94, வெல்டிங் மெஷினைச் செட் பண்ணி ஓட்டுகிறவருக்கு 0.61.

பட்டறையில் நின்று பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும். குனிந்து, படுத்து, கூரைக்கு அடியில் தொங்கி வெல்டிங் செய்கிறவனுடைய வேலை முதலில் போகும், மெஷின் பக்கத்தில் நிற்கிறவன் வேலை பிறகு போகும் என்கிறது பட்டியல். காரணம் அது செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. 70 வேலைகளை மட்டும் நிபுணர்கள் உட்கார்ந்து 'ஆகும், ஆகாது' என்று குறித்தார்கள். மீதியை அந்த 70ஐ வைத்து, வேலை விவரக் குறிப்புகளின் அடிப்படையில் கணினி கணித்தது. விவரக் குறிப்பில் 'வெல்டர்' என்பது ஒரே ஆள். உண்மையில் மேசை மேல் ஒரே பிராக்கெட்டை நாள் முழுக்க அடிக்கிறவனும் வெல்டர், கப்பலின் அடித்தட்டுக்குள் ஊர்ந்து போகிறவனும் வெல்டர்.

இன்னொன்று: அந்த எண் 'தொழில்நுட்பத்தால் முடியுமா' என்பதைத்தான் சொல்கிறது. எந்த வருடம், எத்தனை பேர் என்று அது சொல்லவே இல்லை. 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.க்காகச் செய்த ஆய்வு, வேலையை முழுசாக எடுக்காமல் அதற்குள் இருக்கிற தனித்தனிப் பணிகளைப் பார்த்தது. 21 நாடுகளின் சராசரி 9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 47 எங்கே, 9 எங்கே!

மலேசியாவுக்குத் தனிக் கணக்கு உண்டா?

உண்டு. கஸானா ஆய்வுக் கழகம் 2017இல் வெளியிட்டது. நாட்டின் வேலைகளில் 54 சதவீதம் அடுத்த 10 முதல் 20 ஆண்டுகளில் தொழில்நுட்பத்தால் பறிபோகும் ஆபத்து அதிகம் என்றது. ஆக்ஸ்ஃபோர்டு முறையை ஒட்டித்தான் அதுவும் போகிறது, ஆகவே மேலே சொன்ன சந்தேகம் அதற்கும் பொருந்தும்.

ரோபோ வெல்டிங் வந்து எவ்வளவோ காலம் ஆயிற்றே. பிறகு ஏன் பிறையில் இன்னும் கை வெல்டிங் பட்டறைகள் நிறைய இருக்கின்றன?

நல்ல கேள்வி. யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ 1961இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு வந்தது. 1969இல் அதே நிறுவனம் லார்ட்ஸ்டவுனில் கார் உடலுக்கு ஸ்பாட் வெல்டிங் (தகடுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டுவது) செய்ய ரோபோக்களை வரிசையாக நிறுத்திவிட்டது. ஒரு கார் உடலில் சில ஆயிரம் ஸ்பாட் இருக்கும், எல்லாம் ஒரே மாதிரி, எண்ணிக்கையும் லட்சக்கணக்கில். அங்கே மனிதன் தோற்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

நம் பக்கத்துப் பட்டறைக்கு வரும் ஆர்டரைப் பாருங்கள். இன்றைக்கு 40 ஃபிரேம், நாளைக்கு 12 டேபிள், வெள்ளிக்கிழமை எவனோ அவசரமாகக் கொண்டுவந்த ஒரே ஒரு ஹாப்பர். ஒவ்வொன்றுக்கும் ஜிக் செய்து புரோகிராம் போட்டு முடிப்பதற்குள் கை வெல்டர் வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான்.

அப்புறம், இரும்பு வரும் லட்சணம். சாதாரண ரோபோவுக்குக் கண் கிடையாது. போன தடவை இருந்த இடத்திலேயே இணைப்பு இருக்கும் என்று நம்பிப் போகும். பொதுவாக, உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் வயரின் விட்டத்தில் பாதிக்கு மேல் இணைப்பு நகரக் கூடாது என்பார்கள். 1.2 மில்லிமீட்டர் வயருக்கு அது 0.6 மில்லிமீட்டர். பழைய வெட்டும் மெஷினில் வெட்டி, பழைய பெண்டிங் மெஷினில் வளைத்த தகடு இந்த அளவுக்குள் நிற்காது. இடைவெளி 2 மில்லி வந்தால் கை வெல்டர் டார்ச்சைக் கொஞ்சம் ஆட்டி நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ரோபோ ஓட்டை போட்டு வைக்கும். அதனால் ரோபோ வாங்குகிறவன் முதலில் லேசர் கட்டிங்கும் தகடு வளைக்க நல்ல பிரஸ் பிரேக்கும் வாங்க வேண்டியிருக்கிறது. செலவு அங்கேதான் ஏறுகிறது.

மூன்றாவது காரணத்தை எல்லோரும் மெதுவாகத்தான் பேசுவார்கள்: குறைந்த கூலிக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் கிடைக்கும் வரை முதலாளிக்கு ரோபோ அவசரம் இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. வெளிநாட்டு ஆளுக்கான லெவி, தங்குமிடம், பெர்மிட் எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிற தவுக்கேக்கள் இப்போது பெருகிவருகிறார்கள். ரோபோவை வேகமாகக் கொண்டுவரப்போவது தொழில்நுட்பத்தைவிட இந்தக் கூட்டல் கணக்குதான் என்பது என் கருத்து.

ரோபோ வந்த பிறகு ஆப்பரேட்டர் என்னதான் செய்கிறார்? சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதா?

சும்மா நிற்கிறவரை யாரும் ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். ஒரு சாதாரண மதியத்தை எடுத்துக்கொள்வோம். காலையில் நன்றாக ஓடிய பிராக்கெட், மதியம் 2 மணிக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் இணைப்பை விட்டு விலகி விழுகிறது. புதிதாக வந்தவர் உடனே டீச் பெண்டன்ட்டை (ரோபோவுக்குப் புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கும் கைக்கருவி) எடுத்து, புள்ளியை அரை மில்லி நகர்த்துவார். சரியாகிவிடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி விலகும், மறுபடி நகர்த்துவார். சாயங்காலம் நைட் ஷிப்ட்காரன் ஜிக்கைத் துடைப்பான், அவ்வளவு பொருளும் எதிர்ப் பக்கம் விலகிப்போகும்.

பழகின ஆள் பெண்டன்ட்டைத் தொடுவதே இல்லை. முதலில் ஜிக்கில் பொருள் உட்காரும் முட்டுக்கட்டையை விரலால் தடவிப் பார்ப்பார். ஒரு பொட்டு ஸ்பாட்டர், அதாவது வெல்டிங்கில் தெறித்த உலோகத் துளி, அங்கே ஒட்டி, பொருளைத் தூக்கி நிறுத்தியிருக்கும். அது இல்லையென்றால் வயர் வெளியே வரும் முனையான கான்டாக்ட் டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பார். ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் தேய்ந்திருந்தால் வயர் ஒரு பக்கம் சாய்ந்துதான் வெளியே வரும். டிப் விலை சில ரிங்கிட். அதை மாற்றாமல் புரோகிராமை மாற்றியவன் கெடுத்த பொருளின் விலையைச் சொன்னால் சூப்பர்வைசருக்குத் தலை சுற்றும்.

சத்தமும் ஒரு தகவல்தான். நன்றாக ஓடும் ஆர்க் எண்ணெயில் ஏதோ பொரிவது போல ஒரே சீராகக் கேட்கும். வயர் ஓடிவரும் உள்குழலான லைனரில் தூசி அடைத்து வயர் தயங்க ஆரம்பித்தால், மீட்டரில் எதுவும் தெரிவதற்கு முன்பே அந்தச் சத்தம் திக்கும். கை வெல்டிங் செய்து வந்தவர்களுக்கு இந்தக் காது தானாக வந்துவிடும். பொத்தானில் ஆரம்பித்தவர்களுக்கு வர நாளாகும். நல்ல கை வெல்டரைத்தான் ரோபோவில் போட வேண்டும் என்று நான் எல்லா இடத்திலும் சொல்வது இதனால்தான்.

ஒரு ரோபோ எத்தனை வெல்டருக்குச் சமம்?

ஆளுக்கு ஆள் வேறு எண் சொல்வார்கள். விஷயம் இதுதான்: கை வெல்டிங்கில் 8 மணி நேர ஷிப்டில் ஆர்க் உண்மையில் எரிவது கால்வாசி நேரம், நல்ல ஆளாக இருந்தால் இன்னும் கொஞ்சம். மீதி நேரம் பொருளைத் தூக்குவது, அளப்பது, கிரைண்டிங், மூச்சு வாங்குவது. இரண்டு மேசை வைத்த ரோபோ செல்லில், ஒரு பக்கம் வெல்டிங் ஓடும்போதே மறுபக்கம் பொருள் ஏற்றலாம் என்பதால் 70 சதவீதத்துக்கு மேலும் எரியும். ஆனால் ஆர்டர் இருந்தால்தான்.

கோபோட் என்கிறார்களே, அது வேறா?

வேலியில்லாமல் ஆள் பக்கத்திலேயே வேலை செய்யும் சின்ன ரோபோ. கையைப் பிடித்து இழுத்துப் புள்ளிகளைக் கற்றுக்கொடுக்கலாம், புரோகிராமர் வேண்டாம் என்று விற்கிறார்கள். கற்றுக்கொடுப்பது சுலபம் என்பது உண்மை. ஆனால் கரண்ட், வோல்ட், டார்ச் சாய்வு எவ்வளவு என்பதை அது சொல்லாது. வேலி வேண்டாம் என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். கை மெதுவாக இடித்தால் நின்றுவிடும், சரி. டார்ச் முனையில் எரிகிற ஆர்க்குக்கும் நீட்டிக்கொண்டிருக்கிற வயருக்கும் அந்த இரக்கம் கிடையாது. திரை, புகை உறிஞ்சி எல்லாம் வேண்டும்.

10, 20 பேர் வேலை செய்யும் நம் ஊர்ப் பட்டறைக்குள் முதலில் நுழையப்போவது பெரிய ரோபோ அல்ல, இதுதான்.

டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் எரித்துச் செய்யும் நுணுக்கமான வெல்டிங்) கற்றவனுக்கு எப்போதும் மதிப்பு என்பார்கள். இப்போதும் அப்படியா?

மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகட்டை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி உண்டு, அது ரோபோவிலிருந்து வரவில்லை. கையடக்க லேசர் வெல்டிங் மெஷின். விலை வருடா வருடம் இறங்குகிறது. சமையலறைத் தொட்டி, கடை மேசை, மெஷின் கவர் போன்ற 1, 1.5 மில்லி தகடுகளில் டிக்கைவிடப் பல மடங்கு வேகம், தகடு முறுக்கிக்கொள்வதும் குறைவு, பாலிஷ் வேலையும் மிச்சம். டிக்கில் ஒரு நல்ல கை உருவாக வருடங்கள் ஆகும். லேசரில் சில நாளிலேயே பார்க்கத் தகுந்த கோடு போட்டுவிடலாம். டிக் வெல்டர் பற்றாக்குறையைச் சொல்லியே இதை விற்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள்.

ஆனால் பார்க்க அழகாக இருப்பதும் உள்ளே ஊடுருவி இருப்பதும் வேறு. அழுத்தம் தாங்க வேண்டிய பொருளில் இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. கண் பாதுகாப்பைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் கதிர் 1,070, 1,080 நானோமீட்டர் பக்கம் இருக்கும், கண்ணுக்கே தெரியாது. ஸ்டெயின்லெஸில் பட்டுத் தெறித்துப் பத்தடி தள்ளி நிற்கிறவன் கண்ணையும் பறிக்கும். சாதாரண வெல்டிங் முகமூடி இதற்குப் போதாது. அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடியும் மூடிய அறையும் வேண்டும். கடை வாசலிலேயே வைத்து அடிக்கிறவர்களைப் பார்த்தால் தள்ளிப் போய்விடுங்கள்.

செமிகண்டக்டர் ஆலைகள் நிறைய வருகின்றனவே, அதில் வெல்டிங் வேலை உண்டா?

உண்டு, அதுவும் மெஷின் ஆப்பரேட்டருக்கே. ஆலைக்குள் சுத்தமான வாயு போகிற 316எல் ரக ஸ்டெயின்லெஸ் குழாய்களை ஆர்பிட்டல் மெஷினில்தான் இணைப்பார்கள். குழாயைக் கவ்விக்கொண்டு, உள்ளே டங்ஸ்டன் தானே ஒரு சுற்று சுற்றி வந்து முடித்துவிடும். அதாவது இங்கே வெல்டிங் எப்போதோ முழுக்கத் தானியங்கி ஆகிவிட்டது. ஆள் போனானா? இல்லை. குழாயைச் செங்குத்தாக வெட்டி, முனையைச் சீவி, பிசிறு இல்லாமல் துடைத்து, உள்ளே ஆர்கான் விட்டுக் காற்றை வெளியேற்றி, வேலை தொடங்கும் முன் மாதிரித் துண்டு போட்டு அறுத்துப் பார்த்து, ஒவ்வொரு இணைப்புக்கும் எண் எழுதிப் பதிவு வைக்க வேண்டும். உள்பக்கம் லேசாக நிறம் மாறியிருந்தாலே வெட்டி எறியச் சொல்வார்கள். பொறுமையும் சுத்தமும் இருக்கிறவர்களுக்கு நல்ல வேலை. பெண்களும் இதில் தாராளமாக வரலாம், கனம் தூக்கும் வேலை குறைவு.

ஓர் எச்சரிக்கை: இது கட்டுமானத்தோடு வந்து கட்டுமானத்தோடு போகும் வேலை. ஆலை கட்டி முடிந்ததும் குழு அடுத்த இடத்துக்கு நகரும், கூலிம் ஆனாலும் சிங்கப்பூர் ஆனாலும்.

கேமரா, ஏஐ எல்லாம் வந்தால் மேலே சொன்ன செட்டிங் வேலையும் போய்விடாதா?

கொஞ்சம் போகும். லேசர் கண் வைத்து இணைப்பைத் தேடிப் பின்தொடரும் ரோபோ ஏற்கெனவே இருக்கிறது, ஆர்க்கின் கரண்ட் ஏற்ற இறக்கத்தை வைத்தே வழி கண்டுபிடிப்பதும் உண்டு. வரைபடத்தைக் கொடுத்தால் புரோகிராமைத் தானே எழுதும் மென்பொருளும் நன்றாகவே வளர்கிறது. பெண்டன்ட்டில் புள்ளி புள்ளியாகக் கற்றுக்கொடுக்கும் வேலை குறையும் என்று நினைக்கிறேன். அடைத்த லைனரையும் கசியும் கேஸ் ஹோஸையும் போய்க் கழற்றி மாட்டுகிற மென்பொருளை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட், கிரில் செய்கிற கடைக்காரர்கள்?

பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வீட்டு வாசலும் ஒரு அளவு. அவர்களுக்குப் போட்டி, வெளியிலிருந்து ரெடிமேடாக வந்து இறங்கும் அலுமினியக் கேட்.

குழாய் வேலை, பராமரிப்பு வேலை செய்கிற வெளிவேலை வெல்டர்களும் அப்படித்தான். 45 டிகிரியில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றி வெல்டிங் செய்கிற 6ஜி சோதனையில் தேறியவருக்கு ரோபோ கடைசியாகத்தான் போட்டி.

எனக்கு 45 வயது. கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. இனிமேல் என்ன செய்வது?

வயதைவிடச் சான்றிதழ் இல்லாததுதான் பிரச்சினை, அதற்கு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யில் பி.பி.டி. என்று ஒரு முறை உண்டு. வகுப்பில் உட்காராமலேயே, இத்தனை வருட வேலை அனுபவத்தை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளர் சோதித்துப் பார்த்து எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் கொடுப்பார்கள். செய்த வேலைகளின் படங்கள், முதலாளி கடிதம் எல்லாவற்றையும் இப்போதே சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்.

கம்பெனியில் உள்ளூர் ஆட்கள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், முதலாளி உங்கள் சம்பளக் கணக்கில் 1 சதவீதம் மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்ட வேண்டிய தொழில்களில் உற்பத்தியும் ஒன்று. அந்தப் பணம் பயிற்சிக்குத்தான். "பாஸ், லெவி பணத்தில் ரோபோ கோர்ஸுக்கு என்னை அனுப்ப முடியுமா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். நம் ஆட்களில் பலர் கேட்பதே இல்லை.

மகன் எஸ்.பி.எம். முடித்திருக்கிறான். எங்கே சேர்க்கலாம்?

கெப்பாளா பத்தாஸில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமான ஐ.எல்.பி. இருக்கிறது. பாயான் லெப்பாஸில் 1989இல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையமான பி.எஸ்.டி.சி. இருக்கிறது, அங்கே தானியங்கி, மெக்கட்ரானிக்ஸ் பக்கம் பலம். எஸ்.கே.எம். மூன்று நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. தனியார் பயிற்சி நிலையம் என்றால் கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யில் கடன் கேட்கலாம். அங்கீகாரம் இருக்கிறதா என்று ஜே.பி.கே.யில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

முதலில் வெல்டிங், பிறகு ரோபோ என்ற வரிசையில் போகச் சொல்லுவேன். வெல்டிங் தெரியாமல் ரோபோ மட்டும் படித்தவன் நல்ல வெல்டிங்கையும் கெட்ட வெல்டிங்கையும் ஒரே வேகத்தில் போடுவான். இரண்டாம் நிலையோடு நிறுத்திவிட்டு வேலைக்கு ஓடுவதுதான் நம் பிள்ளைகள் வழக்கம். மூன்றாம் நிலை வரை இழுத்துப் பிடியுங்கள்.

ரோபோ வந்து ஆள் குறைப்பு என்று சொல்லிவிட்டால்?

முதல் விஷயம்: ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பிரச்சினை இல்லாமல் முடிந்துவிடும்" என்று தேனாகப் பேசுவார்கள். தானாக விலகியவருக்கு இழப்பீடும் இல்லை, சொக்சோவின் வேலை காப்புறுதியும் இல்லை.

மாதம் 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு 1980ஆம் ஆண்டு விதிகள்படி இழப்பீடு உண்டு. ஒரு வருடம் முடித்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குக் குறைவு என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்துக்குள் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். ஆள் குறைக்கும்போது அதே வேலையில் இருக்கிற வெளிநாட்டவரை முதலில் அனுப்பிய பிறகே உள்நாட்டவரை அனுப்ப வேண்டும் என்று வேலைச் சட்டத்தின் 60என் பிரிவு சொல்கிறது. சூப்பர்வைசருக்கே இது தெரியாமல் இருக்கும், எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் எஸ்.ஐ.பி., மேலே சொன்ன சொக்சோவின் வேலை காப்புறுதி. 2018இல் வந்தது. வேலை தேடும் காலத்துக்கு 6 மாதம் வரை உதவித் தொகை, பயிற்சிக்கும் பணம் உண்டு. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தீபாவளி முடியட்டும், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டால் போயிற்று.

ரோபோ வருவதில் நமக்கு நல்லது எதுவுமே இல்லையா?

புகை. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் சேர்த்தது. இரும்புக்கு மேல் துத்தநாகம் பூசிய பொருளை நாள் முழுக்க அடித்துவிட்டு ராத்திரி குளிர்காய்ச்சலில் நடுங்கியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்த மூலையில் ரோபோ நிற்கட்டும் என்றே சொல்வேன்.

கம்பெனியில் ரோபோ வரப்போகிறது என்பதை முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

அறிவிப்பு கடைசியில்தான் வரும், அறிகுறிகள் முன்னாலேயே வந்துவிடும். வெளி ஆட்கள் வந்து உங்கள் வேலையைப் போனில் படம் எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு போவார்கள். நன்றாக ஓடுகிற நாலைந்து பொருள்களின் மாதிரி மட்டும் 'டெஸ்டுக்கு' என்று வெளியே போகும். இத்தனை நாள் யாரும் கண்டுகொள்ளாத தகட்டு அளவை திடீரென்று தரம் பார்க்கிற க்யூசி அரை மில்லிக்கு இறுக்குவார். தரையில் மஞ்சள் கோடு போட்டு ஓர் இடத்தைக் காலி செய்வார்கள், மூன்று ஃபேஸ் லைன் இழுப்பார்கள். இதில் இரண்டு மூன்றைப் பார்த்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். மெஷின் விற்கிறவர் வழக்கமாகச் சில நாள் பயிற்சியும் சேர்த்தே கொடுப்பார், அதற்கு ஒன்றிரண்டு பெயர்தான் போகும். மெஷின் வந்து இறங்கும் முன்பே சூப்பர்வைசரிடம் போய் உங்கள் பெயரைச் சொல்லிவையுங்கள்.